சீட்டில் எழுதிய பாட்டு

கானமேளாவுக்குச் சொந்தப் பாட்டு கிடையாது. யேசுதாஸ் பாடியதை, ஜெயச்சந்திரன் பாடியதை, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியதை, ரஃபி பாடியதை வேறொருவர் மேடையில் நின்று பாடுவார். பின்னால் தபேலா, ட்ரிபிள், கிதார், பேஸ் கிதார், ஆர்கன். பெரிய குழு என்றால் இரண்டு வயலின். கூட்டம் அவருக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த பட்டம் 'அப்படியே இருக்கு' என்பது. அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்த மைதானத்தில் இல்லை. நகலெடுப்பதே தொழில், நகல் எவ்வளவு நெருங்கி வந்தது என்பதே மதிப்பெண். இப்படி ஒன்றுக்காக மனிதர்கள் நாற்பது வருஷம் கழித்தும் ஏங்குகிறார்கள். அசல் பாட்டு கைபேசியில் எந்நேரமும் கிடைக்கும்போது, நகலுக்கு ஏன் இந்த ஏக்கம்?

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையிலும் அதைச் சுற்றி களியல், கடையாலுமூடு, மஞ்சாலுமூடு, பனச்சமூடு வரைக்கும் இந்த ஏக்கம் ஒரு தனி நோய் மாதிரி இருக்கிறது. மலையும் ரப்பரும் சேரும் இடம் இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. காகிதத்தில் எல்லை மாறியதே தவிர, திருவிழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பழக்கம் மாறவில்லை. பகவதி கோயில் உற்சவம் என்றால் திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்துக் குழுக்கள்தான் வரும். ஒரு வேனில் ஆளும் கருவியும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் புறப்பட்டு வந்து, விடியுமுன் திரும்பிவிடலாம். கிறிஸ்துமஸ் விழாவுக்கும் சர்ச் பெருநாளுக்கும் அதே குழு, அதே பாடகர், முதல் இரண்டு பாட்டு மட்டும் வேறு.

வரிசை ஏறக்குறைய நிச்சயமானது. முதலில் பக்திப் பாட்டு. பிறகு மலையாளத்தில் மெதுவான பாட்டுகள், மூத்தவர்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்கட்டும் என்று. பதினொன்றுக்கு மேல் இளையராஜா. நள்ளிரவுக்குப் பிறகு ஹிந்தி; அதில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அதற்குத்தான் ஆட்டம் அதிகம். நடுவே கூட்டத்திலிருந்து சீட்டு போகும். பீடிக்கட்டுத் தாளில், நோட்டீஸின் பின்பக்கத்தில், சிகரெட் அட்டையில் பாட்டின் முதல் வார்த்தையும் கேட்பவர் ஊரும் எழுதி, கமிட்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மேடையில் இருப்பவர் அதை விரித்துப் படிக்கும்போது ஊர்ப்பெயர் மைக்கில் கேட்கும். பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை, 'இடைக்கோட்டிலிருந்து ரசிகர்கள்' என்று கேட்டால் போதும். பாட்டைக் கேட்க வந்தவர்களைவிடத் தங்கள் ஊர்ப்பெயரைக் கேட்க வந்தவர்கள் அதிகமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

அந்தக் கூட்டத்தின் காது சாதாரணமானதல்ல. 1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கினார். கேசட் மலிந்தது. வளைகுடாவுக்குப் போனவன் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தான். அதுவரை வானொலியில் எப்போதாவது வரும் பாட்டை மனத்தில் பிடித்துவைத்திருந்தவன், இப்போது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, மூச்சு எங்கே எடுக்கிறார் என்பதுவரை பாடமாக்கினான். 1984இல் நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தபோது பாட்டுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. எண்பதுகளின் கானமேளாப் பாடகருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பரீட்சைத்தாள் திருத்துகிறவர்கள். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கத்துத் திருவட்டாறு, சினிமாப் பாடகர் கமுகறை புருஷோத்தமனின் ஊர். 1955இல் 'ஹரிச்சந்திரா' படத்தில் அவர் பாடிய சுடுகாட்டுத் தத்துவப் பாட்டை எழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். கமுகறை சினிமாவில் பாடிக்கொண்டே பள்ளி ஆசிரியராக, தலைமையாசிரியராக வேலை பார்த்தவர். அவரிடம் பாடமும் அடியும் வாங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் எந்தப் பாடகனாவது அந்தப் பாட்டைத் தொட்டால், அவன் தைரியசாலி அல்லது வெளியூர்க்காரன்.

இவ்வளவு கண்டிப்பான காது நாற்பது வருஷம் கழித்து எதை வைத்திருக்கிறது என்று பார்த்தால், சரியாகப் பாடிய பாட்டு ஒன்றைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் தவறிய இடங்களைப் பற்றித்தான். சரணம் மறந்துபோய் முதல் சரணத்தையே மூன்று தடவை பாடி ஒப்பேற்றியவர். எக்கோவைக் கூட்டிவைத்துவிட்டு 'எல்லாருக்கும் வணக்கம்' சொன்னதில் அந்த வணக்கம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. இளையராஜா பாட்டின் தமிழை மலையாள வாயில் போட்டு மென்றவர். இந்தக் கடைசி விஷயத்துக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு அநியாயம். எங்கள் தமிழைக் கேட்டு நாகர்கோவில்காரன் சிரிப்பான், அதைத் தாண்டினால் திருநெல்வேலிக்காரன் சிரிப்பான், சென்னையில் மலையாளியா என்றே கேட்டுவிடுவார்கள். எங்களுக்கும் சிரிக்க ஒரு ஆள் கிடைத்த இரவு அது. சிரித்துவிட்டு, அதே பாட்டை இன்னொரு தடவை பாடச்சொல்லி சீட்டு அனுப்பினோம்.

அசலைப் பின்தொடர்ந்து நடக்கும் ஒருவனிடம் அவனுடையது என்று எதைச் சொல்ல முடியும்? அவன் கால் இடறிய இடம் மட்டும்தான் அவனுடையது. கேசட்டில் இல்லாதது அது ஒன்றுதான். கேசட்டில் இருப்பதை நினைவு சேமிக்கவேண்டிய அவசியமில்லை.

எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, மைதானம் முழுக்க இருட்டு. பாடகர் நிறுத்தாமல் வெறும் குரலில் பாட்டை முடித்தார், கடைசி வரிசைவரை கேட்டது. 'ஒரு பூச்சி சத்தம் கிடையாது பாத்துக்கிடுங்க' என்று சொல்லும்போது சொல்பவருக்கு இன்றும் குரல் தழுதழுக்கும். இதே கதையைக் களியலிலும் கேட்டிருக்கிறேன், பனச்சமூட்டிலும் கேட்டிருக்கிறேன். பாடகர் பெயர் வேறு, பாட்டு வேறு, வருஷம் வேறு. எங்கோ ஒரு தடவை உண்மையாகவே நடந்திருக்கும். மற்ற ஊர்கள் தங்களுக்கும் ஒரு இருட்டு வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இதை அருமனையின் குணம் என்று சொல்லிவிட முடியாது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டர் நகரத்தில் ஒரு சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு பாடியது. கேட்க வந்தவர்கள் சில பத்துப் பேர். 'அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்' என்று பிற்பாடு சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தப் பொய்யை வைத்து ஒரு புத்தகமே வந்துவிட்டது. உண்மையிலேயே அங்கே இருந்த இளைஞர்களில் ஒருவர் மாரிசி. ஆறு வருஷம் கழித்து அவரும் கிதார்க்காரர் ஜானி மாரும் சேர்ந்து தொடங்கிய 'த ஸ்மித்ஸ்' குழுதான் எண்பதுகளின் இங்கிலாந்தில் கூச்சமும் தனிமையும் கொண்ட பிள்ளைகளுக்குத் தெய்வம். பெரிய கம்பெனி எதையும் சாராமல், ரஃப் ட்ரேட் என்ற சின்ன நிறுவனத்தின் வழியாக இசைத்தட்டு வெளியிட்டார்கள். மாரிசி பேன்ட் பின்பையில் பூங்கொத்தைச் செருகிக்கொண்டு ஆடுவார். ரசிகர்கள் கிளாடியோலஸ் பூவோடு வருவார்கள். நாலு ஆல்பம், ஐந்து வருஷம், 1987இல் பிரிந்துபோனார்கள். பேஸ் கிதார் வாசித்த ஆண்டி ரூர்க் 2023இல் இறந்தார். அதுவரை, எத்தனை பேர் கேட்டும், நாலு பேரும் ஒரு மேடையில் மறுபடி நிற்கவில்லை.

அவர்களுடைய ரசிகர்கள் எங்களைவிட ஒழுங்கானவர்கள். எந்தத் தேதி, எந்த அரங்கு, எந்த வரிசையில் என்ன பாட்டு என்பதெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். 1986 அக்டோபர் 23 அன்று லண்டன் கில்பர்னில் பாடியது ஒலிப்பதிவாகி இரண்டு வருஷம் கழித்து 'ராங்க்' என்ற ஆல்பமாக வந்தது. அந்த இரவை யார் வேண்டுமானாலும் இன்று காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் நாலு நாள் கழித்து பிரஸ்டன் நகரில் நடந்ததை வாங்க முடியாது. அங்கே முதல் பாட்டிலேயே கூட்டத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று மாரிசியின் மேல் பட்டு, நிகழ்ச்சி அத்தோடு நின்றது. பணம் கொடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே பாட்டு. நல்லபடி நடந்த பல இரவுகளுக்கு இல்லாத இடம் அந்த ஒற்றைப் பாட்டு இரவுக்கு ரசிகர் பேச்சில் உண்டு. அந்த டிசம்பர் 12 அன்று லண்டன் பிரிக்ஸ்டனில் பாடியதுதான் கடைசி. அது கடைசி என்று அன்று வந்திருந்தவர் யாருக்கும் தெரியாது.

எங்களிடம் ஆவணம் என்று இருப்பது நோட்டீஸ் மட்டும். ரோஸ் நிறத் தாளிலோ மஞ்சள் தாளிலோ, பத்துநாள் உற்சவத்தின் எல்லாச் சடங்கும் நேரமும் அச்சடித்து, அடியில் 'இரவு 10 மணிக்கு கானமேளை' என்று குழுவின் பெயரோடு ஒரு வரி. பாடகர் பெயர் சிலதில்தான் இருக்கும். என்ன பாடினார் என்று யாரும் குறிக்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு பதில்: 'எண்பத்தஞ்சு.' 'இல்ல ஓய், இந்திரா காந்தி செத்த வருசம்.' 'அது கதாப்பிரசங்கம்லா, கானமேள அதுக்கு அடுத்த வருசம்.' நான் இந்தச் சண்டைகளைத் தீர்த்துவைக்க முயல்வதில்லை. தீர்ந்துவிட்டால் பேச என்ன இருக்கிறது.

கதாப்பிரசங்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கானமேளாவுக்காக ஏங்குகிறவர்கள் ஒரு குற்றத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எண்பதுகளில் கானமேளா வந்தபோது பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாப்பிரசங்கம் வேண்டும். கொல்லம் பக்கத்துச் சவறாவிலிருந்து வந்த வி. சாம்பசிவன் சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும், டால்ஸ்டாயின் நாடகத்தை 'அனீஸ்யா' என்ற பெயரிலும் கோயில் மைதானத்தில் இறக்கிவைத்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கு டெஸ்டிமோனா அடுத்த வீட்டுப் பெண்ணாகத் தெரிந்தாள் என்றால் அது பல்கலைக்கழகம் செய்த வேலை அல்ல. 1996இல் அவர் இறந்தபோது அந்தக் கலைக்கு மிச்சம் அதிகமில்லை. கானமேளா அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் முன்னால் கதாப்பிரசங்கம் வந்தபோது வில்லுப்பாட்டுக்காரர்கள் இதே புலம்பலைப் புலம்பியிருப்பார்கள். ஒரு தலைமுறை எதற்காக அழுகிறதோ, அதுதான் முந்தைய தலைமுறையின் செல்லத்தைக் கொன்றது.

கானமேளாவுக்கும் ஒருவன் வந்தான். 1969இல் பாதிரியார் ஆபேல் தொடங்கிய கொச்சி கலாபவன் தன் கானமேளாவில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, கருவிக்குச் சுதி சேர்க்கும் நேரத்தில், கூட்டம் எழுந்து போகாமல் இருக்க ஒருவரை நிறுத்தி நடிகர்கள் குரலில் பேசவைத்தது. இடைவெளியை நிரப்ப வந்தது 1981இல் 'மிமிக்ஸ் பரேட்' என்று தனி நிகழ்ச்சியாகிவிட்டது. சில வருஷங்களில் நோட்டீஸில் மிமிக்ஸ் பெரிய எழுத்திலும் கானமேளா சின்ன எழுத்திலும் வந்தன. நகலுக்கு நகல் வந்தால் கூட்டம் எந்த நகல் சிரிக்கவைக்கிறதோ அதன் பக்கம் போகும்.

'அப்போ சாதியும் இல்ல மதமும் இல்ல, எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டோம்' என்பது இந்த ஏக்கத்தின் பல்லவி. பாதி உண்மை. கிறிஸ்தவரான யேசுதாஸின் ஐயப்பன் பாட்டை முஸ்லிமான பாடகர் பகவதி கோயில் முற்றத்தில் பாடினார், யாரும் கேள்வி கேட்கவில்லை. மீதிப் பாதி என்ன என்றால், 1982 மார்ச் 1 அன்று இதே மாவட்டத்தில் மண்டைக்காட்டுக் கோயில் கொடையின்போது துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள், கலவரம் பரவியது, நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். எங்கள் பொற்காலக் கானமேளாக்கள் அதற்குப் பின்னால் வந்தவை. அந்த ஊரின் உற்சவத்துக்குப் பெரிய குழு வந்தால் இந்த ஊரின் பெருநாளுக்கு அதைவிடப் பெரிய குழு வரவேண்டும் என்ற வீம்பு அந்த வருஷங்களில் ஏறியது என்பது என் எண்ணம். எங்களுக்கு அவ்வளவு நல்ல பாடகர்கள் கேட்கக் கிடைத்ததற்கு அந்த வீம்பும் ஒரு காரணம். ஏக்கத்தில் இந்தக் கணக்கு வருவதில்லை.

அந்த ஏக்கத்தில் பெண்களும் வருவதில்லை. மைதானத்தில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒன்றிரண்டு மணிநேரம் இருப்பார்கள். இளையராஜா தொடங்கும் நேரத்துக்கு யாராவது ஆண் வந்து 'போவோம்' என்பார். ஆனால் தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேட்கும். 'நாங்க மிச்சத்த அடுக்களையில இருந்து கேட்டோம்' என்றார் என் அத்தை முறையாகும் ஒருவர். அவரிடம் பேசிப் பார்த்தபோது தெரிந்தது, ஆண்களுக்கு ஞாபகம் இருப்பது அடிதடி, ஜெனரேட்டர், கப்பலண்டி, கட்டன்சாயா. பாட்டுகளை வரிசையாகச் சொன்னது இவர்தான். மேடையைப் பார்க்காததால் காதில் வேறெதுவும் கலக்கவில்லை. எந்தப் பாட்டில் பாடகர் சுதி இறங்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்று மணிக்கு முடியும். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு அதற்கு மேல் தூக்கம் கிடையாது. வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவினால்தான் பால் ஒழுகும். மைதானத்திலிருந்து நேரே கத்தியை எடுத்துக்கொண்டு, நெற்றியில் விளக்கோடு தோட்டத்துக்குள் போனவர்கள் உண்டு. அன்றைக்கு மரத்துக்கு மரம் பாட்டுக் கேட்கும் என்பார்கள்.

2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றன. விழா நாட்களுக்கு நள்ளிரவுவரை சலுகை தரலாம், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் அல்ல. பத்து மணிக்குத் தொடங்கியே பழகிய ஒன்றுக்கு இது வைத்த இடம் இரண்டு மணிநேரம். விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குழாய்களுக்குக் கீழே பரீட்சைக்குப் படித்தவர்களும் நோயில் கிடந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய எண்பதுகளை யாரும் எழுதவில்லை.

கானமேளாப் பாடகர் இடவா பஷீர் 2022 மே 28 அன்று ஆலப்புழையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் பொன்விழாவில் பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 78. வர்க்கலை பக்கத்து இடவா என்ற கடற்கரை ஊர்க்காரர். சினிமாவில் பாடியது சொற்பம், கானமேளா மேடைகளில் தெற்குக் கேரளத்தையே கட்டிவைத்தவர். யேசுதாஸும் ரஃபியும் அவர் வாயில் உயிரோடு இருந்தார்கள். அன்று அவர் பாடியதும் ஒரு ஹிந்திப் பாட்டுதான், அதாவது வேறொருவர் பாட்டு. அவருடைய உச்சத்தின் இரவுகளில் எத்தனை ஒலிப்பதிவில் இருக்கிறதோ. அந்தக் கடைசி நிமிஷம் மட்டும் அன்று ராத்திரியே எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அனுப்பியவருக்கு என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை.

இப்போது மான்செஸ்டர் ரசிகர்களுக்கு வருவோம். நாலு பேரும் சேரப்போவதில்லை என்றான பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? 'த ஸ்மித்ஸ்' பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு வேறு ஒரு குழு புறப்பட்டு, அந்தப் பாட்டுகளை மட்டும், அந்த உடையில், அந்த ஆட்டத்தோடு ஊர் ஊராகப் பாடிவருகிறது. டிக்கெட் எடுத்துப் போகிறவர்களில் தலைநரைத்த அசல் ரசிகர்களும் உண்டு. போய் நின்று, மாரிசி மாதிரி இருக்கிறதா என்று மதிப்பெண் போடுகிறார்கள். யாருடைய நகலும் அல்ல என்பதே பெருமையாக இருந்த ஒரு குழுவின் ரசிகர்கள், நாற்பது வருஷம் சுற்றி, கானமேளா மைதானத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வரட்டும், கப்பலண்டி வாங்கித் தருகிறோம்.

இங்கே நாங்கள் அதற்கு அடுத்த படிக்குப் போய்விட்டோம். இப்போதைய கானமேளாவில் முக்கால்வாசிக் கருவி பெட்டிக்குள் இருக்கிறது. ட்ராக் ஓடும், அதன்மேல் பாடுவார்கள். சின்னப் பிள்ளைகள் சுதி பிசகாமல் பாடுகிறார்கள். எங்கள் காலத்துப் பாடகர்கள் பாதிப்பேர் இவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. பழைய ரசிகர்களுக்கு அதுவே குறை. போன வருஷம் ஒரு உற்சவத்தில், யேசுதாஸ் பாட்டொன்றைப் பையன் ஒருவன் சுத்தமாகப் பாடி முடித்தான். என் பக்கத்திலிருந்தவர் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். அப்படியே இருக்கே அண்ணே, என்றேன்.

'யாரப் போல? தாசேட்டனப் போல இருக்கு. அது எனக்க போன்லயே இருக்குல்லா. இடவா பஷீர் தாசேட்டனப் பாடினது போல ஒருத்தன் பாடட்டும், நூறு ரூவா நோட்டு குத்துதேன்' என்றார். சட்டைப்பையில் நோட்டு தயாராகத்தான் இருந்தது.